தொட்டியில் குளிர் தாங்காத பூச்செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெரேனியம், ஃபியூஷியா, டாலியா, கல்வாழை, செம்பருத்தி, போகன்வில்லா. இவை ஒரே குடும்பம் இல்லை, ஒரே ஊரும் இல்லை. ஆனால் எல்லாமே பல ஆண்டு வாழக்கூடியவை, எல்லாமே ஒரு நல்ல உறைபனி பட்டால் போய்விடக்கூடியவை. இவற்றை வெளியே தொட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. குளிர்காலம் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன், ஏனென்றால் செடிகள் அதிகம் சாவது அப்போதுதான். அதுவும் பெரும்பாலும் குளிரால் இல்லை.

ஒரு பருவச் செடிக்கும் குளிர் தாங்காத பல்லாண்டுச் செடிக்கும் என்ன வித்தியாசம்?

சூரியகாந்தி, ஜினியா போன்றவை முளைத்து, பூத்து, விதை விட்டு, ஒரே பருவத்தில் முடிந்துவிடும். அவற்றை எவ்வளவு கொஞ்சினாலும் அடுத்த ஆண்டுக்கு வராது. குளிர் தாங்காத பல்லாண்டுச் செடியோ, உறைபனி இல்லாத சொந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். குளிர் ஊருக்கு வரும்போது மட்டும் அதற்கு ஆயுள் குறைகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நர்சரிகளில் ஒரு பருவச் செடி என்று விற்கப்படும் பெட்டூனியா, நித்தியகல்யாணி, கோலியஸ், இம்பேஷன்ஸ் எல்லாம் உண்மையில் பல்லாண்டுச் செடிகளே. குளிர் ஊரில் அவற்றைக் காப்பாற்றுவதைவிடப் புதிதாக வாங்குவது சுலபம் என்பதால் அப்படிப் பெயர் வந்துவிட்டது. பெட்டூனியாவைப் பொறுத்தவரை அது சரியான முடிவும்கூட. ஜெரேனியத்தையும் ஃபியூஷியாவையும் அப்படித் தூக்கிப் போடுவதுதான் வருத்தம்.

உறைபனி பட்டால் செடிக்கு உள்ளே என்னதான் ஆகிறது?

முதலில் செல்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாகிறது. அந்தப் பனி, செல்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. செல் சுருங்கி, அதன் சவ்வு கிழிந்துபோகிறது. வெயில் வந்து பனி உருகியதும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கசியும். அதனால்தான் காலையில் விறைப்பாக நின்ற இலை, மதியத்துக்குள் கருத்து, வேகவைத்த கீரை மாதிரி தொங்குகிறது. குளிர் தாங்கும் செடிகள் இலையுதிர் காலத்திலேயே செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்த்துத் தயாராகிவிடும். இவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அல்லது போதுமான அளவு இல்லை.

என் இடத்துக்கு ஒரு செடி தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பரவலாகப் பயன்படுவது அமெரிக்க வேளாண் துறையின் குளிர்தாங்கு மண்டல வரைபடம். 1960-இல் முதலில் வெளிவந்தது, கடைசியாக 2023-இல் புதுப்பித்தார்கள். ஓர் இடத்தில் ஆண்டின் மிகக் குளிரான இரவு சராசரியாக எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து 13 மண்டலங்கள். ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் 10 ஃபாரன்ஹீட் டிகிரி இடைவெளி, அதாவது ஏறக்குறைய 5.6 செல்சியஸ் டிகிரி. பிரிட்டனில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் எச்1 முதல் எச்7 வரையிலான வரிசை உண்டு. அதில் எச்2 என்றால் 1 முதல் 5 செல்சியஸ் டிகிரி வரை தாங்கும், உறைபனி கூடாது என்று பொருள்.

ஆனால் இந்த எண்களெல்லாம் நிலத்தில் நட்ட செடிக்குச் சொன்னவை. நிலத்தில் ஒரு முழம் ஆழத்தில் இருக்கும் வேர், மேலே காற்று உறையும்போதும் ஓரளவு இதமாகவே இருக்கும். தொட்டியில் குளிர் நாலு பக்கமும் புகுந்துவிடும், அடியிலும்தான். அதனால் குளிர்காலம் முழுக்கத் தொட்டியிலேயே வெளியே நிற்க வேண்டிய செடியை, உங்கள் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் அதிகக் குளிர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். குளிர் தாங்காத செடி என்றால் அந்தக் கணக்கே வேண்டாம், உள்ளே கொண்டுபோக இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எந்தத் தொட்டி நல்லது?

அடியில் ஓட்டை உள்ள தொட்டி. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மண்தொட்டி பார்க்க அழகு, வேருக்குக் காற்றும் போகும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரம் குடித்த மண்தொட்டி உறைந்தால் வெடிக்கும், ஏனென்றால் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பிளாஸ்டிக் தொட்டி இலேசானது, ஈரத்தைப் பிடித்துவைக்கும். கறுப்பு நிறமாக இருந்து, பக்கவாட்டில் மாலை வெயில் படும்படி வைத்தால் அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். அப்படியொரு செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால், வெயில் பட்ட பக்கம் மட்டும் வேர் பழுப்பாக இருக்கும், மறுபக்கம் வெள்ளையாக, உயிரோடு இருக்கும். வெளிர் நிறத் தொட்டி வாங்குங்கள். இல்லையென்றால் அதன் முன்னால் ஒரு சிறு தொட்டியை நிறுத்தி நிழல் கொடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு ஜெரேனியத்துக்கு 20 செ.மீ. அகலம் போதும். டாலியாவுக்கும் கல்வாழைக்கும் 35 முதல் 40 செ.மீ. வேண்டும். பெரிதாக வாங்கும் முன் எடையை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. 40 லிட்டர் தொட்டி ஈரத்தோடு இருந்தால் ஒருவராகத் தூக்க முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாற்ற வேண்டிய செடி இது. சக்கரம் வைத்த பலகை ஒன்று இருந்தால் இடுப்பு தப்பிக்கும்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கல்லும் ஓட்டுத் துண்டும் போட வேண்டுமா?

வேண்டாம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் யோசனைதான், ஆனால் பலன் நேர்மாறானது. நுண்ணிய மண்கலவையில் இருக்கும் நீர், கீழே பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்கைக் கண்டால் சட்டென்று இறங்காது. மேலே உள்ள கலவை முழுதாகத் தண்ணீரில் ஊறிய பிறகே சொட்டத் தொடங்கும். எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் சில அங்குலம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும், கல் போட்டால் அந்தச் சொதசொதப்பு மேலே, வேர் இருக்கும் இடத்துக்கு ஏறிவருகிறது. வேருக்கான இடமும் குறைகிறது.

ஓட்டை வழியாக மண் கொட்டுகிறதென்றால் ஒரு துண்டு வலையோ பழைய துணியோ போதும். வடிகால் வேண்டுமானால் அதைக் கலவையிலேயே செய்ய வேண்டும். தொட்டிக்கு அடியில் மூன்று இடத்தில் சிறு கட்டை வைத்துத் தரையிலிருந்து ஒரு விரல் உயர்த்திவிட்டால் அது கல் அடுக்கைவிடப் பெரிய உதவி.

தோட்டத்து மண்ணையே போடலாமா?

தனியாகப் போடாதீர்கள். நிலத்தில் மண்புழுவும் ஆழமும் இருப்பதால் அது நல்ல மண்ணாக இருக்கிறது. தொட்டிக்குள் வந்து பத்துத் தடவை தண்ணீர் பட்டதும் இறுகிவிடும். பாதி தென்னை நார்க்கழிவு, மீதியில் மக்கிய உரமும் பெர்லைட் (பொரி மாதிரி இலேசான வெள்ளைக் கல் துணுக்கு) அல்லது கரடான மணலும் என்று கலந்தால் பெரும்பாலான பூச்செடிகளுக்குப் பொருந்தும். நார்க்கழிவில் உப்பு இருக்கலாம், ஒன்றிரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜெரேனியத்துக்கும் போகன்வில்லாவுக்கும் மணலைக் கூட்டுங்கள், ஃபியூஷியாவுக்கும் பிகோனியாவுக்கும் மக்கிய உரத்தைக் கூட்டுங்கள்.

எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி பராமரிப்பு போதுமா?

போதாது. ஒரு செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

தொட்டிகளில் வளர்க்கும் ஜெரேனியத்தின் மூதாதைகள் தென்னாப்பிரிக்காவின் வறண்ட சரிவுகளைச் சேர்ந்தவை. தடித்த தண்டில் நீரைச் சேமிக்கும், வெயில் கேட்கும், வறட்சியைப் பொறுக்கும், ஈரத்தைத்தான் பொறுக்காது. ஃபியூஷியா பெரும்பாலும் மத்திய, தென் அமெரிக்க மலைக்காடுகளைச் சேர்ந்தது. மூடுபனியும் அரைநிழலும் அதற்குச் சுகம், வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் சோர்ந்து மொட்டுகளை உதிர்க்கும். டாலியா மெக்சிகோவின் மேட்டுநிலத்தது. பகலில் நல்ல வெயில் வேண்டும், இரவு குளுமையாக இருந்தால்தான் பூ பெரிதாக வரும். கல்வாழை அமெரிக்க வெப்பமண்டலத்து ஈரநிலங்களில் நின்ற செடி. தட்டில் தண்ணீர் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. போகன்வில்லா தென் அமெரிக்கக் கொடி, வறட்சிக்குப் பின்னால் வெடித்துப் பூக்கும்.

இப்போது ஜெரேனியத்தையும் கல்வாழையையும் ஒரே தொட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். பல செடிகளைச் சேர்த்து நடுவதில் தப்பில்லை. நிறம் பார்த்துச் சேர்ப்பதைவிடத் தாகம் பார்த்துச் சேருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நாள்கணக்கில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். தொட்டியின் அளவு, காற்று, வெயில், செடியின் வயது எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், அடி ஓட்டையிலிருந்து வழியும் வரை ஊற்றுங்கள். தினம் ஒரு குவளை என்று மேலாகத் தெளிப்பது மோசமான பழக்கம். வேர் மேலேயே நின்றுவிடும், அடியில் உப்பு தங்கும்.

கொஞ்சம் பழகிய பிறகு தொட்டியின் விளிம்பை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், காய்ந்த தொட்டி வியக்கத்தக்க அளவு இலேசாக இருக்கும்.

தொட்டிக் கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சுலபமாக உறிஞ்சாது. வேர்க்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும், நீங்கள் ஊற்றுவது அந்த இடுக்கு வழியாக ஓடி அடியில் கொட்டும். பார்ப்பதற்கு நன்றாக ஊற்றியதுபோல் இருக்கும், உள்ளே காய்ந்த தூள். அப்படிப்பட்ட தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை அமிழ்த்துங்கள். குமிழி குமிழியாக வரும், அது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

இன்னொன்று: ஃபியூஷியா மதிய வெயிலில் வாடி நின்றால் உடனே பூவாளியை எடுக்காதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது தாகம் இல்லை, சூடு. நிழலுக்கு நகர்த்தினால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றித்தான் பலர் அதன் வேரை அழுகவிடுகிறார்கள்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூவே இல்லை. ஏன்?

மூன்று சந்தேகங்கள். முதலாவது வெயில் போதவில்லை. ஜெரேனியம், டாலியா, போகன்வில்லா, செம்பருத்திக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். இரண்டாவது, தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். தழைச்சத்து இலையைத்தான் வளர்க்கும். மொட்டு வரும் பருவத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள திரவ உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தொட்டிச் செடிக்கு உரம் தேவைதான், ஒவ்வொரு முறை வடியும் தண்ணீரோடும் சத்தும் போய்விடுகிறது. ஆனால் காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் கருகும்.

மூன்றாவது, தொட்டி பெரிதாக இருப்பது. குறிப்பாகப் போகன்வில்லா. வேர் தொட்டியை நிறைத்து, கொஞ்சம் தண்ணீருக்கு ஏங்கி நின்றால்தான் அது பூக்க நினைக்கும். பாசத்தோடு பெரிய தொட்டிக்கு மாற்றினால் ஒரு பருவம் முழுக்க இலைதான்.

நுனி கிள்ளுவது, வாடிய பூவை எடுப்பது எல்லாம் அவசியமா?

அவசியம்தான். இளம் செடியில் மூன்று நான்கு கணு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும், ஒவ்வொரு கிளை நுனியிலும் பூ வரும். வாடிய பூவை விட்டால் செடி விதை பிடிக்கப் போய்விடும். ஜெரேனியத்தில் பூவை மட்டும் பிய்க்காமல், பூத்தண்டைப் பிடித்து அடியில் ஒரு பக்கமாக மடக்குங்கள், கணுவில் சுத்தமாக ஒடிந்து வரும்.

உறைபனியே இல்லாத இடத்தில் இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் வேண்டுமா?

குளிர்காலப் பகுதியைத் தாண்டிப் போகலாம். உங்கள் எதிரி வெயிலும் விடாத மழையும். ஃபியூஷியாவும் டாலியாவும் கடும் வெயில் பருவத்தில் கஷ்டப்படும். டாலியாவைக் குளுமையான மாதங்களில் பூக்கும்படி நடுவது புத்திசாலித்தனம். சமவெளி வெப்பத்தில் ஃபியூஷியாவோடு போராடுவதைவிட நித்தியகல்யாணி, செம்பருத்தி, உன்னிப்பூ, போகன்வில்லா என்று வெப்பத்தை விரும்பும் கூட்டத்தோடு இருப்பது நிம்மதி. மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள், ஜெரேனியத்தை இறவாரத்துக்குக் கீழே தள்ளிவையுங்கள்.

எப்போது உள்ளே கொண்டுவர வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை. செம்பருத்தி, மாண்டெவில்லா, கோலியஸ் ஆகியவை இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதுமே முகம் சுளிக்கும், இலை மஞ்சளாகும். அவை முதலில். ஜெரேனியமும் ஃபியூஷியாவும் 5 டிகிரி வரை வெளியே நிற்கலாம், அந்தக் குளுமை அவை உறக்கத்துக்குத் தயாராகவும் உதவும். டாலியாவையும் கல்வாழையையும் முதல் உறைபனி இலையைக் கருக்கும்வரை விட்டுவைக்கலாம். கிழங்கு உறையக்கூடாது, அவ்வளவுதான்.

உறைபனி பெரும்பாலும் மேகமில்லாத, காற்று அசையாத இரவில் விழும். அந்த ஓர் இரவை மட்டும் கடக்க வேண்டுமென்றால் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, பழைய போர்வையைத் தரை தொடும்படி போர்த்துங்கள். தரையின் வெப்பம் உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். காலையில் போர்வையை எடுக்க மறக்க வேண்டாம்.

குளிர்காலத்தில் எல்லாவற்றையும் ஜன்னலோரம் வைக்க வேண்டுமா? இடமே இல்லை.

இந்த நினைப்பால்தான் பலர் முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். ஜன்னல் எல்லாச் செடிக்கும் தேவையில்லை. விழித்திருக்க வேண்டியவை சில, தூங்க வைக்க வேண்டியவை பல.

செம்பருத்தி, கோலியஸ், பிகோனியாவில் கிழங்கில்லாத வகைகள் இவை இலையோடு இருக்கும், இவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். ஜெரேனியமும் விரும்பினால் விழித்திருக்கும். ஃபியூஷியா, போகன்வில்லா, உன்னிப்பூ, பிளம்பேகோ, எக்காள ஊமத்தை எல்லாம் இலையை உதிர்த்துவிட்டு அரையிருட்டில் தூங்கும். 5 முதல் 10 டிகிரிவரை இருக்கும் கார் ஷெட், அடித்தளம், சூடில்லாத அறை எது இருந்தாலும் போதும். உள்ளே வைக்கும் முன் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, இலைகளைக் களைந்துவிடுங்கள். இலை அங்கேயே உதிர்ந்து அழுகினால் பூஞ்சை பிடிக்கும்.

நடுக்கூடத்து வெப்பம்தான் இவற்றுக்கு மிக மோசமான இடம். 20 டிகிரிச் சூடும் மங்கிய வெளிச்சமும் சேர்ந்தால் செடி தூங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல், வெளிறிய நூல் மாதிரி கிளையை நீட்டும். சூடு அதிகமென்றால் வெளிச்சமும் அதிகம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் குளிராக வையுங்கள். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

தூங்கும் செடிக்குத் தண்ணீர்?

இங்கேதான் சாவுகள் நடக்கின்றன. இலையில்லாத செடி தண்ணீரை இழுக்காது. ஊற்றியது அப்படியே நிற்கும். குளிர்ந்த, ஈரமான, காற்றில்லாத மண்ணில் வேர் சில வாரத்தில் அழுகும், செடியோ மேலே பார்க்க முன்புபோலவே குச்சியாக நிற்கும். வசந்தத்தில் துளிர்க்காதபோது "குளிர் தாங்கவில்லை" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். தொட்டியைக் கவிழ்த்து வேர்க்கட்டியை மோந்து பார்த்தால் உண்மை தெரியும், அழுகிய வேர் சாக்கடை நாற்றம் அடிக்கும், விரலில் தோல் உரிந்து வரும்.

ஃபியூஷியாவுக்கு மாதம் ஒருமுறை ஒரு குவளை, மண் முழுக்கக் காய்ந்து தூளாகாத அளவுக்கு மட்டும். போகன்வில்லாவுக்கு அதைவிடவும் குறைவு. ஜன்னலோர ஜெரேனியத்துக்கு மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம். சந்தேகம் வந்தால் ஊற்றாமல் இருங்கள். உரம் வசந்தம் வரை கிடையாது.

டாலியா, கல்வாழை, பிகோனியாக் கிழங்குகளைத் தோண்டி எடுக்கத்தான் வேண்டுமா?

தொட்டியில் வளர்ப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, தொட்டியோடு அப்படியே உறையாத இடத்தில் ஒதுக்கிவிடலாம். மண் காய்ந்துகொண்டே போகும், கிழங்கு அதற்குள் பத்திரமாக இருக்கும்.

இடம் குறைவென்றால் தோண்டுங்கள். டாலியாக் கிழங்கை மண் உதறி, தண்டைத் தலைகீழாக வைத்து ஒரு வாரம் உலர்த்துங்கள். தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும், தண்ணீர் அதில் தங்கினால் கழுத்து அழுகிவிடும். பிறகு காய்ந்த மரத்தூளிலோ வெர்மிகுலைட்டிலோ (இலேசான கனிமத் துணுக்கு) புதைத்து 4 முதல் 10 டிகிரியில் வையுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் பழைய தண்டின் ஒரு துண்டு இருக்க வேண்டும். முளைக்கண் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. கொழுத்த கிழங்காக இருந்தாலும் கழுத்து இல்லையென்றால் முளைக்காது.

கல்வாழைக் கிழங்கு முழுக்க உலரக்கூடாது, இலேசான ஈரத்தில் இருக்க வேண்டும். பிகோனியாவில் தண்டைப் பிடுங்காதீர்கள், தானாகவே கழன்று விழும்வரை காத்திருங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். மெத்தென்று இருப்பதை எறியுங்கள், சுருங்கியதன்மேல் துளி நீர் தெளியுங்கள்.

ஜெரேனியத்தை மண் இல்லாமல் தொங்கவிடலாம் என்கிறார்களே?

பழைய முறை, உண்மையும்கூட. வேரில் உள்ள மண்ணை உதறி, காகிதப் பையில் தலைகீழாக, குளுமையான இருட்டான இடத்தில் தொங்கவிடுவார்கள். மாதம் ஒருமுறை எடுத்து வேரை ஒரு மணி நேரம் தண்ணீரில் நனைத்து, ஈரம் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும். தடித்த தண்டு அதைத் தாங்கும். ஆனால் வீட்டுக் காற்று வறண்டதாக இருந்தால் எல்லாச் செடியும் பிழைக்காது. என்னைக் கேட்டால், தொட்டியிலேயே வைப்பதோ கிளை வெட்டி வேர்பிடிக்க வைப்பதோதான் மேல்.

கிளை வெட்டி வைப்பது எப்படி?

கோடை முடிவில், குளிர் வரும் முன். பூவில்லாத இளங்கிளையை 7 முதல் 10 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். கீழிலைகளை எடுத்துவிட்டு, பாதி மணல் பாதி நார்க்கழிவில் செருகுங்கள். நேர்வெயில் இல்லாத வெளிச்சம், 15 முதல் 20 டிகிரி. ஃபியூஷியாவும் கோலியஸும் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும், ஈரம் போகாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்க்கலாம். கோலியஸ் ஒரு டம்ளர் தண்ணீரில்கூட வேர் விடும்.

ஜெரேனியத்துக்கு மட்டும் பை வேண்டாம். வெட்டிய முனையைச் சில மணி நேரம் காற்றில் உலரவிட்டு நடுங்கள், தண்ணீரைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள். இல்லையென்றால் அடித்தண்டு மைபோல் கறுத்து அழுகும், அந்த நோய் வந்த கிளையைக் காப்பாற்ற வழியில்லை. பெரிய தாய்ச்செடிக்கு இடமில்லாதவர் நான்கு கிளையை ஒரு சிறு தொட்டியில் வைத்தே அடுத்த பருவத்தைத் தொடங்கலாம்.

உள்ளே கொண்டுவந்ததும் பூச்சி பெருகுகிறது. என்ன செய்ய?

வெளியிலிருந்து வந்ததுதான். உள்ளே மழையும் இல்லை, பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் இல்லை. கொண்டுவரும் முன்பே இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஃபியூஷியாவில் வெள்ளை ஈ, செம்பருத்தி மொட்டில் அசுவினி, கணுவிடுக்கில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி. இலையில் ஊசிப்புள்ளியும் மெல்லிய வலையும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப் பேன், வறண்ட காற்று அதற்குக் கொண்டாட்டம். வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து, வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். ஒருமுறை தெளித்து நிறுத்தினால் முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை மிச்சமாகிவிடும்.

வசந்தத்தில் எப்படி எழுப்புவது?

கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கவாத்து செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டுங்கள். ஃபியூஷியா புதுத் துளிரில்தான் பூக்கும், தைரியமாக வெட்டலாம். துளிர் வந்ததும் பழைய மேல்மண்ணைச் சுரண்டிப் புதுக்கலவை போடுங்கள்.

வெளியே வைப்பதில் அவசரம் கூடாது. உள்ளே வளர்ந்த இலைக்கு நேர்வெயில் தெரியாது, ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். முதலில் நிழலில் சில மணி நேரம், பிறகு காலை வெயில், அப்புறம் முழு நாள் என்று ஏழு முதல் பத்து நாள் பழக்குங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

பனி பட்டுவிட்டது. செத்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

உடனே வெட்டாதீர்கள். கருகிய இலை கீழே உள்ள கணுக்களுக்குக் கொஞ்சம் போர்வையாக இருக்கும். வெப்பம் திரும்பியதும் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். மேலே எல்லாம் போயிருந்தாலும் உன்னிப்பூ, பிளம்பேகோ போன்றவை அடியிலிருந்து தாமதமாகத் துளிர்ப்பதுண்டு. கோடையின் தொடக்கம் வரை அவகாசம் கொடுங்கள்.

வீட்டில் குழந்தையும் நாயும் இருக்கிறார்கள். எதைத் தவிர்க்க வேண்டும்?

அரளியும் எக்காள ஊமத்தையும் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் எல்லாப் பாகமும் கடும் விஷம். உன்னிப்பூவின் பச்சைக் காயும் ஆபத்து, காய்க்கும் முன் பூவைக் கிள்ளிவிடுங்கள். நித்தியகல்யாணியையும் தின்னக்கூடாது. ஃபியூஷியாவால் பயமில்லை.

ஒரே செடியை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

செம்பருத்தியும் போகன்வில்லாவும் தொட்டியிலேயே பல பத்தாண்டு நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உருவி எடுத்து, வெளிவேரில் ஒரு விரல் கனம் சீவி, அதே தொட்டியில் புதுக்கலவையோடு வைத்தால் போதும். டாலியாவும் கல்வாழையும் கிழங்கு பிரிப்பதால் வயதே தெரியாது. ஜெரேனியம் மூன்று நான்கு ஆண்டில் அடி கட்டையாகிப் பூ குறையும். அப்போது கிளை வெட்டிப் புதுச்செடி ஆக்கிவிட்டுப் பழையதை உரக்குழிக்கு அனுப்பலாம்.